சந்தேகப் பட்டியல்ல என் பேரு இல்ல

தம்பி, என்னப் பாத்தா ஒரு ஆளோட மண்டைய ஒடச்சவன் மாதிரித் தெரியுதா? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். நல்லாத் திரும்பிப் பாத்துச் சொல்லுங்க. மூக்கு, முழி, இந்தக் கண்ணாடி, எல்லாத்தையும் பாருங்க.

சிரிக்கிறீங்க! பாத்தீங்களா, இதான் தம்பி என் பிரச்சனையே. எல்லாரும் சிரிக்கிறாங்க. போலீஸ் சிரிக்கிது, பொண்டாட்டி சிரிக்கிறா, அடி வாங்கின ஆளே தையல் போட்ட தலையப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு. நானும் எத்தன பேர்கிட்டதான் சொல்றது?

அந்தக் கூடைய மடியில வச்சுக்கோங்க, எனக்கு எடம் போதும். ஆடிப்பெருக்குக்கு மாமியார் வீடா? குளித்தலையா? அட, நானும் குளித்தலதான்! நானும் ஒரு வகையில மாமியார் வீட்டுக்குத்தான் போறேன். கம்பி போட்ட மாமியார் வீடு. குளித்தல கோர்ட்ல சரணடையப் போறேன் தம்பி. பேப்பர்ல படிச்சிருப்பீங்களே, ஒரு ஊர்ல வெட்டிட்டு இன்னொரு ஊர் கோர்ட்ல போயி சரணடைவானுங்க. அதே மாதிரி. எதையும் மொறையாச் செய்யணும்ல? அதான் ஆடிப்பெருக்கு, நல்ல நாளாப் பாத்து, புது வேட்டி கட்டி, சாமி கும்பிட்டுட்டுக் கெளம்பிட்டேன். மனசு என்னமாப் பறக்குது தெரியுமா! பள்ளிக்கூடத்துல சுற்றுலா கூட்டிட்டுப் போறப்ப இருக்குமே, அப்பிடி இருக்கு.

தள்ளித் தள்ளி உக்காராதீங்க. நான் எல்லாரையும் அடிக்கிற ஆளு இல்ல. மொதல்லேர்ந்து சொல்றேன், இன்னும் ஜீயபுரமே வரல. ஆத்துக்குப் போற கூட்டத்துல பஸ்ஸு ஊர்ந்துதான் போகும்.

என் பேரு பூவராகன். ஸ்ரீமுஷ்ணம் பக்கம். அங்க தெருவுக்கு ரெண்டு பூவராகன் இருப்பாங்க, ஒருத்தரும் இது வரைக்கும் ஜெயிலுக்குப் போனதில்ல, நாந்தான் மொத ஆளு. திருச்சியில ஒரு பல்கலைக்கழகம், எதுன்னு சொல்ல மாட்டேன், அங்க வரலாத்துத் துறையில கௌரவ விரிவுரையாளரா இருந்தேன். பேர்லயே கௌரவத்த வச்சுட்டாங்களா, அப்பறம் வேற எதுலயும் வைக்க வேணாம்னு விட்டுட்டாங்க. நிரந்தரப் பேராசிரியருக்கு நாற்காலி இருக்கும், எங்களுக்கு நூலகத்து பெஞ்சு. அவங்க பாடத்தையும் நாங்கதான் எடுப்போம். அவங்க பரிட்சத் தாளையும் நாங்கதான் திருத்துவோம்.

அப்பறம் விழா. அய்யோ, அந்த விழாவ நெனச்சா எனக்கு இப்பவும் சிரிப்பா வருது! துறையில என்ன விழான்னாலும் பூவராகன் ஓடணும். பீரோவத் தொறந்து குத்துவெளக்க எடுக்கணும். நாச்சியார்கோயில் வெளக்கு தம்பி, கனம்னா கனம், ஆளோட இடுப்பு ஒசரம். அத மூணு துண்டாக் கழட்டி வச்சிருப்போம். எடுத்து மாட்டி, எண்ண ஊத்தி, திரி போட்டு நிறுத்தணும். பொன்னாட எடுத்து வைக்கணும். சிறப்பு விருந்தினர வாசல்ல போயி அழைச்சிட்டு வரணும். எல்லாம் முடிஞ்சா வெளக்கக் கழட்டி, புளி போட்டுத் தேச்சு, தொடச்சு, பீரோவுல வைக்கணும். சரி, மேடையில நமக்கு என்ன வேல? நன்றியுரை! வரவேற்புரை அவருக்கு, தலைமையுரை இவருக்கு, சிறப்புரை வந்தவருக்கு, நன்றியுரை பூவராகனுக்கு. நான் மைக்கப் பிடிக்கவும் கூட்டம் எந்திரிச்சு சாப்பாட்டுக்கு ஓடும். நான் பாட்டுக்கு நாற்காலிங்களுக்கு நன்றி சொல்லிக்கிட்டு நிப்பேன். மைக் செட்டு வச்சவருக்கு நன்றி, டீ குடுத்தவருக்கு நன்றி. கேம்பஸ்ல 'நன்றியுரை பூவராகன்'னு கேட்டாத்தான் தெரியும்.

இப்ப வேல போன கதைக்கு வாங்க. போன வைகாசியில ஒரு நாள் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்புனாரு. பேராசிரியர் ஆலாலசுந்தரம். நல்ல மனுஷன்தான், யாரையும் பேருக்குக்கூட ஏசினதில்ல. நானும் மரிய ஜெரால்டும் போயி நின்னோம். ஜெரால்டு என்ன மாதிரியே கௌரவம், என் சிநேகிதன், ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவன். தலைவரு சொல்றாரு, "புள்ளைங்க சேர்க்கை கொறஞ்சு போச்சு. வர்ற வருஷத்துலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் வர வேணாம். மேலேர்ந்து உத்தரவு, என் கையில ஒண்ணும் இல்ல."

ஜெரால்டு மேசையில ஓங்கிக் குத்தினான். "புள்ளகுட்டிக்காரன் வயித்துல அடிக்கிறீங்க சார்! உங்கள சும்மா விட மாட்டேன், பாத்துக்கிட்டே இருங்க!" அப்பிடின்னு ஒரு கத்து. ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. வாட்ச்மேன்கூட வந்துட்டாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல சார். நீங்க சுகர் மாத்திர போட்டீங்களா?"ன்னு கேட்டேன். அவரு மாத்திரைய மறந்துருவாரு தம்பி, நாந்தான் ஞாபகப்படுத்தறது. வேல போச்சுன்னு மூளைக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியல. தண்ணி ஊத்திக் குடுத்துட்டு வெளிய வந்தேன்.

அதுக்கப்பறம் என்ன? எங்களுக்குப் பிரிவு உபசார விழா! எங்க விழாவுக்கு யாரு ஓடறது? நானேதான்! எனக்கு நானே பொன்னாட வாங்கினேன், எனக்கு நானே கேசரி சொன்னேன், எனக்கு நானே குத்துவெளக்கு ஏத்தினேன். என் பேர சொல்லிக் கூப்பிட்டாங்க, தலைவரு பொன்னாடையப் போத்தினாரு, கைதட்டுனாங்க. தம்பி, அத்தன விழாவுல எத்தன பேருக்கோ பொன்னாடைய மடிப்புப் பிரிச்சு எடுத்துக் குடுத்திருக்கேன். என் தோள்ல ஒண்ணு விழுந்தது அன்னிக்கித்தான். பச்ச கலரு, ஓரத்துல சரிக. கழுத்துல குத்துச்சு, ஆனா நல்லாருந்துச்சு. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. அப்பறம் நன்றியுரை. என்ன வேலையிலேர்ந்து எடுத்ததுக்கு, பல்கலைக்கழகத்துக்கும் துறைத் தலைவருக்கும், இந்த நல்ல வாய்ப்பத் தந்ததுக்கு, மனமார்ந்த நன்றின்னு நானே பேசினேன். ஜெரால்டு அதுக்கு முன்னாடியே துண்ட உருவி நாற்காலியில வீசிட்டுப் போயிட்டான்.

கூட்டம் கலைஞ்சிருச்சு. பீரோ ரூம்ல நானும் தலைவரும் மட்டும். நான் வெளக்கக் கழட்டிக்கிட்டு இருக்கேன். அவரு கீழ்த் தட்டுல மிச்சமான மிச்சர் பொட்டலத்த எடுத்து வச்சுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம சொல்றாரு, "பூவராகன், அந்தப் பொன்னாடைய மடிச்சு பீரோவுல வச்சிருங்க. அடுத்த வாரம் சிண்டிகேட் உறுப்பினர் ஒருத்தர் வர்றாரு, அவருக்குப் போத்திக்கலாம்."

"சார், இதுவா சார்?"ன்னு கேட்டேன்.

"அதான்யா. நல்லாத்தானே இருக்கு, கசங்கலையே?"

மடிச்சேன் தம்பி. மடிப்பு மாறாம மடிச்சு, அதோட பழைய கவர்லயே போட்டேன். எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். பொன்னாடங்கறது சுத்திச் சுத்தி வர்ற பொருளு. நானே எத்தன பேர்கிட்டேர்ந்து நைசா வாங்கி உள்ள வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அன்னிக்கி பீரோக் கதவ மூடறேன், அந்தப் பச்ச கலரு கதவு இடுக்குல தெரியுது. கையில வெளக்கோட நடுத்தண்டு இருக்கு. தலைவரு குனிஞ்சு மிச்சரப் பாத்துக்கிட்டு இருக்காரு. அவ்வளவுதான்.

ணங்!

அந்தச் சத்தம் இருக்கே தம்பி! கோயில் மணி கெட்டுது போங்க! எனக்கு உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு குளுகுளுப்பு. சந்தோஷம்னா சந்தோஷம், அப்பிடி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்துல வரல, முனைவர் பட்டம் வாங்கினப்ப வரல. அவரு மெதுவா மிச்சர் மேல சாஞ்சாரு.

அப்பறம் என்ன செஞ்சிருப்பேன்னு நெனைக்கிறீங்க? ஓடிட்டேனா? இல்ல. வெளக்கு அழுக்காயிருச்சே! கொண்டு போயி கொழாயடியில புளி போட்டுத் தேச்சேன். மூணு துண்டையும் பளபளன்னு கழுவித் தொடச்சு, பழந்துணி சுத்தி, பீரோவுல வச்சேன். விழா முடிஞ்சா வெளக்கு கழுவணும், கை அதுபாட்டுக்குச் செய்யிது. வச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், தலைவரு கெடக்குறாரு. அய்யய்யோன்னு பதறிப் போயிட்டேன் தம்பி! நெசமாவே பதறினேன். "யாராச்சும் ஓடி வாங்க, சாருக்கு அடிபட்டிருச்சு!"ன்னு நான் கத்தின கத்துல ஹாஸ்டல் பசங்க வந்துட்டானுங்க. ஆட்டோவுல மடியில படுக்க வச்சு, தலையப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நாந்தான். வழியெல்லாம் அழுதுகிட்டே போனேன். ஆளு பொழச்சுக்கிட்டாரு. மண்டையில தையலு, கொஞ்ச நாள் தலசுத்தல், வேற ஒண்ணும் இல்ல. அடி பின்னாடிலேர்ந்து விழுந்ததால யாருன்னு அவரு பாக்கல, நான் அதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டேன்னு அவராவே நெனச்சுக்கிட்டாரு.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தாங்க. தில்லைக்கரசின்னு பேரு. யாருங்கறீங்க? எங்கிட்ட எம்.ஏ. படிச்ச பொண்ணு! உள்ள வந்ததும் தொப்பியக் கழட்டிட்டு "வணக்கம் ஐயா"ன்னாங்க. அப்பறம் எல்லாரையும் உக்கார வச்சு, தலைவர் மேல யாருக்கெல்லாம் கோவம்னு கேட்டாங்க. ஜெரால்டு பேரு மொதல்ல வந்துச்சு. அப்பறம் ஆய்வேட்டத் திருப்பி அனுப்புன ஒரு பையன் பேரு. கேண்டீன்காரர் பேரு. மாங்கா பறிச்சு மாட்டின தோட்டக்காரர் பேருகூட வந்துச்சு தம்பி! நான் அங்கதான் நிக்கிறேன், எல்லாருக்கும் டீ ஊத்திக்கிட்டு நிக்கிறேன், என் பேரு வரவே இல்ல. வேல போன ஆளு நான்! ரெண்டு பேருக்குத்தான் வேல போயிருக்கு, அதுல ஒருத்தன் நான், என்ன யாருமே நெனைக்கல!

ஆஸ்பத்திரியில தலைவர்கிட்டயும் கேட்டிருக்காங்க, "பூவராகன் ஐயாவுக்கும் வேல போயிருக்கே சார்"னு. அவரு சொன்னாராம், "பூவராகனா? அது புள்ளப்பூச்சி மேடம். அடுத்தவன் காலடியில மிதிபட்டாலும் சாரி கேக்கும்." வேலையிலேர்ந்து எடுத்தது ஒரு அவமானம்னா, சந்தேகத்துலேர்ந்தும் எடுக்கறதா? நீங்களே சொல்லுங்க.

இதுல இன்னொரு கூத்து. தில்லைக்கரசி என்னத் தனியாக் கூப்பிட்டு, கைகட்டி நின்னு கேக்கறாங்க, "ஐயா, நீங்க படிச்சவங்க, ஒரு வெளக்கம் வேணும். காதல் தகராறுல வெட்டுறான், எடத் தகராறுல குத்துறான், அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். ஒரு வாத்தியாரு, பாடம் எடுக்கற வேல போச்சுன்னு கொல பண்ற அளவுக்குப் போவாரா?"

அடடா! எவ்வளவு நல்ல கேள்வி! எம்.ஏ. படிக்கிறப்ப இப்பிடி ஒரு கேள்வி கேட்டதில்ல அந்தப் பொண்ணு. எனக்கு உற்சாகம் வந்துருச்சு. கரும்பலகை இல்லாத கொறதான். "அம்மா, வரலாறு பூரா வேல போனவன் செஞ்ச வேலதாம்மா"ன்னு ஆரம்பிச்சேன். பட்டம் கெடைக்காத எளவரசன், பதவி பறிபோன மந்திரி, ஓரங்கட்டுன தளபதி, ஒவ்வொருத்தனா எடுத்து வச்சேன். சாதாரண ஆளுக்கு வேல போனா சோறு போகும், வாத்தியாருக்கு வேல போனா கேக்கற காது போகும்மா, அது பசிய விடக் கொடுமைம்மான்னேன். கத்தறவன் ஆறிடுவான், உள்ள வச்சு மென்னுக்கிட்டே இருக்கறவன்தான் ஆபத்துன்னும் சொன்னேன். அதச் சொல்றப்ப என்னையே ரெண்டு தடவ கையால தொட்டுக் காட்டினேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னு ஒரு சல்யூட் அடிச்சாங்க பாருங்க! "தெளிவாயிருச்சு ஐயா"ன்னாங்க.

அன்னிக்கி சாயங்காலமே ஜெரால்டத் தூக்கிட்டாங்க.

ஆனி மாசத்துலேர்ந்து உள்ள இருக்கான். கொல முயற்சி கேசு. ஆனா ஒண்ணு சொல்லணும் தம்பி, என் வாழ்க்கையிலேயே நான் நடத்தின பாடம் ஒருத்தருக்கு அவ்வளவு தெளிவாப் புரிஞ்சது அன்னிக்கித்தான்.

என்ன கேட்டீங்க? பொன்னாடைக்காகவா அடிச்சேன்னா? சே! என்ன தம்பி இப்பிடிக் கேட்டுட்டீங்க? இவ்வளவு நேரம் என்ன சொல்லிட்டு வர்றேன்? வேல போனதுக்காக! ஒரு கல்வியாளன், வாழ்வாதாரம் பறிக்கப்பட்டு, கொதிச்செழுந்து... பொன்னாடைக்காகன்னு கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க தம்பி. ஒரு பாலியஸ்டர் துணிக்காக யாராச்சும் மண்டைய ஒடைப்பாங்களா? எனக்கு அதெல்லாம் ஞாபகம்கூட இல்ல. பச்ச கலரு, சரிக ஓரம், அவ்வளவுதான். என் பேரக் கெடுக்கற மாதிரி எதையாவது கெளப்பாதீங்க.

ஜெரால்டு பொண்டாட்டி ஸ்டெல்லா, பாவம், சின்னப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துச்சு. "அண்ணே, அவரு செஞ்சிருக்க மாட்டாருண்ணே. கத்துவாரு, வீட்டுக்கு வந்து அழுதுட்டுத் தூங்கிருவாரு. நீங்களாச்சும் போயி சொல்லுங்கண்ணே"ன்னு அழுதுச்சு. அன்னிக்கி நான் தூங்கல. காலேல எந்திரிச்சு நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்.

"தில்லைக்கரசி மேடம், ஜெரால்டு செய்யல. வேணும்னா, நான்னு எழுதிக்கோங்க"ன்னேன்.

அந்தம்மா என்னையே பாத்தாங்க. கண்ணு நெறஞ்சு போச்சு. "ஐயா, நீங்க மாறவே இல்ல ஐயா"ன்னாங்க. ஏன் தெரியுமா? அது படிக்கிற காலத்துல பரிட்சையில பிட்டோட மாட்டுச்சு. அழுத அழுகையில எனக்குப் பாவமா இருந்துச்சு, அது என் குறிப்புத் தாளு, நாந்தான் தவறிப் போட்டுட்டேன்னு மேல சொல்லிக் காப்பாத்திவிட்டேன். "அன்னிக்கி எனக்காகச் சொன்னீங்க, இன்னிக்கி ஜெரால்டு சாருக்காகச் சொல்றீங்க. சட்டம் இதுக்கெல்லாம் எடம் குடுக்காது ஐயா"ன்னு கைய எடுத்துக் கும்பிட்டாங்க. அன்னிக்கி சொன்னது பொய்யி, இன்னிக்கி சொல்றது நெசம். ரெண்டுக்கும் ஒரே மூஞ்சியத்தானே வச்சிருக்கேன், நான் என்ன பண்ணட்டும்!

"வெளக்கால அடிச்சேம்மா"ன்னேன். "பேப்பர்லயே வந்துருச்சு ஐயா"ன்னாங்க. "வெளக்கக் கழுவி வச்சேம்மா"ன்னேன். "ஆமா ஐயா, ஒரு ரேகை இல்ல, புளி போட்டுக் கழுவியிருக்கான், கைதேர்ந்த குற்றவாளி"ன்னாங்க. கைதேர்ந்த! எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள ஏட்டு டீ கொண்டு வந்துட்டாரு. கூடவே வடை. மறுபடியும் அழுத்திச் சொல்லலாம்னு பாத்தேன், வாயில வடை இருந்துச்சு. ஜீப்புல கொண்டாந்து வீட்ல எறக்கி விட்டாங்க.

வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். "கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி என்னக் கூப்பிடற ஆளு, மண்டைய ஒடச்சாராம். சோறு ஆறுது, வாங்க"ன்னா.

இதுக்கப்பறம்தான் தம்பி என் சுக்கிர தெசையே! நான் ஸ்டேஷனுக்குப் போன சேதி பரவிருச்சு. கௌரவ விரிவுரையாளர் சங்கத்துல கூட்டம் போட்டு, சக ஊழியனுக்காகத் தன்னையே பலி குடுக்க முன்வந்த தியாகச் செம்மல்னு பாராட்டு விழா! எனக்கு! இந்தத் தடவ நான் ஓடல, மேடையில நடு நாற்காலியில உக்காந்திருந்தேன். ரோஸ் கலர்ல பொன்னாட. நன்றியுரைய வேற ஒருத்தன் சொன்னான். விழா முடிஞ்சு நானாவே மடிச்சுத் திருப்பிக் குடுத்தேன், "ஐயோ, அது உங்களுக்குத்தான் சார்"னுட்டாங்க. வீட்ல பீரோவுல வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்துப் பாத்துக்குவேன்.

அங்க ஒரு நிமிஷம் எந்திரிச்சு, "நான் நெசமாவே அடிச்சேன்"னு சொல்லலாம்னு வந்துச்சு. ஆனா அவ்வளவு ஆசையா விழா எடுக்கறாங்க, நல்ல காரியத்துல எதுக்கு அபசகுனமாப் பேசறதுன்னு இருந்துட்டேன்.

சேதி தலைவருக்கும் போயிருச்சு. தலையில கட்டோடயே என்ன வரச் சொன்னாரு. கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு தம்பி. "பூவராகன், உயிரக் காப்பாத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தீங்க. இப்ப சிநேகிதனுக்காக ஜெயிலுக்குப் போறேன்னு நிக்கிறீங்க. இப்பிடி ஒரு ஆளையா வீட்டுக்கு அனுப்பினேன்? துணைவேந்தர்கிட்ட பேசிட்டேன். ஒரே ஒரு எடம் தர்றேன்னுட்டாரு. அது உங்களுக்குத்தான்யா."

"சார், உங்கள அடிச்சது..."ன்னு ஆரம்பிச்சேன். "அவன் பேச்ச எடுக்காதீங்க, எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்"னாரு. உடம்பு சரியில்லாத மனுஷன். மாத்திர போட்டாரான்னு கேட்டேன், போடல. எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். வேலைய வாங்கிக்கிட்டேனான்னா? வாங்காம? குடுக்கறாங்க, வேணாம்னு சொன்னா சந்தேகப்பட மாட்டாங்களா? சந்தேகப்பட்டா நல்லதுதானேங்கறீங்க. அதுவும் சரிதான். அப்ப அது தோணல.

இருங்க, போன் அடிக்கிது. ஸ்டெல்லா. தெனம் கூப்பிடுது. அடிச்சு ஓயட்டும், பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஜெரால்டுக்கு மூணாந் தடவையா ஜாமீன் மனு போட்டிருக்காங்க, நாளைக்கி வருதாம். "அண்ணே, நீங்க கோர்ட்ல வந்து நின்னாலே போதும், அவருக்கு ஒரு தெம்பு"ன்னு சொல்லுது. அவன் ரொம்ப எளைச்சுட்டானாம். கத்தறதே இல்லையாம், யாரு என்ன சொன்னாலும் சரி சார் சரி சார்ங்கறானாம். ஜெரால்டா அப்பிடின்னு எனக்கே கஷ்டமா இருந்துச்சு. நான் பாக்கப் போகல தம்பி. போனா அவன் என் கையப் பிடிச்சு நன்றி சொல்லுவான். அத எப்பிடித் தாங்கறது?

எடுத்துச் சொல்லிடலாமேங்கறீங்களா? போன்லயா? அது போன்ல சொல்ற விஷயமா தம்பி? இடுப்புல புள்ளையோட ஒரு பொம்பள, திடுக்குன்னு ஆயிராது? மொறையா கோர்ட்ல சொன்னா, கோர்ட்டே சொல்லிக்கும்.

அதான் குளித்தல. திருச்சியில எனக்கு நல்ல பேரு தம்பி, அதான் சனியன். அங்க எந்த வாசலுக்குப் போனாலும் "ஐயா வாங்க"ங்கறாங்க. போன மாசம் லால்குடி கோர்ட்டுக்கே போயிட்டேன். வாசல்ல கருப்பு கோட்டோட ஒருத்தன் ஓடி வந்து கால்ல விழுறான், பழைய மாணவன்! டீ வாங்கிக் குடுத்து, இளநி வாங்கிக் குடுத்து, பஸ் ஏத்தி விட்டுட்டுப் போனான். குளித்தலையில என்ன ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அந்த மாஜிஸ்திரேட்டு என் மூஞ்சிய மொதத் தடவையாப் பாப்பாரு. "நாந்தான் அடிச்சேன்"னு சொன்னதும் திடுக்குன்னு நிமிருவாரு. ரெண்டு போலீஸ் ரெண்டு பக்கமும் பிடிப்பாங்க. மறுநாள் பேப்பர்ல, 'வேலை பறிபோன ஆத்திரத்தில் கொலைவெறித் தாக்குதல், பேராசிரியர் சரண்'! பேராசிரியர்னு போடுவான் பாருங்க! தற்காலிகம், கௌரவம், அதெல்லாம் போட எடம் இருக்காது. ஆலாலசுந்தரம் சார் அதப் படிக்கணும். புள்ளப்பூச்சியாம்!

ஆகா, ஆத்தப் பாருங்க தம்பி, ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு போகுது! பொண்ணுங்க எல்லாம் மஞ்சக் கயிறும் காப்பரிசியுமா என்ன கூட்டம்! இன்னிக்கி நல்லது செஞ்சா பெருகும்பாங்க. ஜெரால்டு இன்னிக்கி ராத்திரி வீட்டுச் சோறு திம்பான். ஸ்டெல்லாவுக்கு என் மேல மொதல்ல கோவம் வரும், அப்பறம் புரிஞ்சுக்கும். அவனுக்கு மேசையில குத்தற தெம்பு திரும்ப வந்துரும். நான் சொல்றேன், வந்துரும்.

குளித்தல வந்துருச்சா? எந்திரிங்க, எந்திரிங்க, கூடையப் பிடிங்க. என் சட்டக் காலரு சரியா இருக்கா? தல கலஞ்சிருக்கா? போட்டோ எடுப்பானுங்க. கோர்ட்டு எந்தப் பக்கம் தம்பி, நடந்தே போயிரலாமா?

என்ன?

என்ன கெழம?

ஞாயித்துக்கெழமையா?

அட கடவுளே! ஆடிப்பெருக்கு ஞாயித்துக்கெழமையிலயா வந்திருக்கு! நாளு பாத்தேன், கெழம பாக்கலையே! ஹா... ஹா... தம்பி, வயிறு வலிக்கிது தம்பி! வரலாத்து வாத்தியாரு, தேதியிலயே கோட்ட விட்டுட்டேன் பாருங்க!

நீதிபதி வீட்டுக்குப் போலாமா? லீவு நாள்ல வீட்லயே சரணடையலாமா? அப்பிடியும் உண்டா? சே சே, வேணாம் தம்பி. நல்ல நாளும் அதுவுமா, அவரு குடும்பத்தோட ஆத்துக்குப் போயிருப்பாரு. வந்த எடத்துல ஒரு மனுஷனத் தொந்தரவு பண்ணக் கூடாது. நீங்க எறங்குங்க, மாமியார் வீட்ல எல போட்டுக் காத்திருப்பாங்க. நான் இப்பிடியே கரூரு வரைக்கும் போயிட்டுத் திரும்பறேன், காத்து நல்லா வருது.

என்ன சொல்றீங்க? நாளைக்கா? நாளைக்கே வந்துருங்கன்னா எப்பிடித் தம்பி? நாளைக்கிக் காலேல எனக்கு மொத வகுப்பு இருக்கே.